டிராகன்கள் பிறந்த ஏரிக்கரை! லேக் ஜெனீவாவில் ஒரு சுற்று

ஜெனீவா என்றதும் சுவிட்சர்லாந்துதான் நினைவுக்கு வரும். இது அந்த ஜெனீவா இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சிகாகோவிலிருந்து சுமார் 130 கி.மீ தூரத்தில் இருக்கும் லேக் ஜெனீவா. மக்கள்தொகை எட்டாயிரத்துச் சொச்சம்தான்.

இந்தச் சின்ன ஊருக்கும் உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மொபைல் கேமில் 'லெவல்' ஏறுகிறீர்கள். 'எக்ஸ்பி' சேர்க்கிறீர்கள். அடிபட்டால் 'ஹெச்பி' குறைகிறது. இந்தக் கணக்கையெல்லாம் உலகம் முழுக்கப் பரப்பியது கம்ப்யூட்டர் இல்லை. இந்த ஊர் வீடுகளில் காகிதம், பென்சில், பகடையை வைத்துக்கொண்டு சிலர் ஆடிய ஆட்டம். பெயர், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சுருக்கமாக 'டி அண்ட் டி'.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் நாலு பையன்கள் வீட்டின் அடித்தளத்தில் உட்கார்ந்து பகடை உருட்டுவார்களே, அதே ஆட்டம்தான். 1974-ல் கடைக்கு வந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் ஆட்டம் முடியவில்லை.

மாளிகைகளும் தபால் படகும்

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். 1871-ல் சிகாகோ நகரம் பெரும் தீவிபத்தில் எரிந்தது. அதன்பிறகு அங்கிருந்த பணக்காரக் குடும்பங்கள் பல இந்த ஏரிக்கரையில் கோடைக்கால மாளிகைகள் கட்டிக்கொண்டன. சூயிங்கம் விற்றே கோடீஸ்வரர்கள் ஆன ரிக்லி குடும்பமும் அதில் உண்டு. ஏரியைச் சுற்றி சுமார் 34 கி.மீ நீளத்துக்கு ஒரு நடைபாதை ஓடுகிறது. மாளிகைகளின் புல்வெளி வழியாகவே போகும் அந்தப் பாதையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

கோடையில் தபால் படகுதான் இங்கே வேடிக்கை. 1916 முதல் ஏரிக்கரை வீடுகளுக்குப் படகில் தபால் போகிறது. படகு நிற்காது, வேகத்தைக் குறைத்து ஓடிக்கொண்டே இருக்கும். இளைஞரோ இளம்பெண்ணோ ஒருவர் படகிலிருந்து படகுத்துறைக்குத் தாவி, பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, ஓடி வந்து மறுபடி படகில் குதிக்க வேண்டும். சில நேரம் கால் தவறி ஏரியில் விழுவதும் உண்டு. பயணிகள் கைதட்டுவது அதற்கும் சேர்த்துத்தான்!

சுற்றுலா வருபவர்களில் பெரும்பாலோர் ஏரி, ஐஸ்கிரீம், படகு என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு சிலர் மட்டும் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சென்டர் தெருவில் 330 என்ற எண்ணைத் தேடுவார்கள். பார்த்தால் மிகச் சாதாரணமான ஒரு வீடு. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். வேலை போன ஒரு மனிதர் ஒரு விளையாட்டை எழுதி முடித்த வீடு அது.

வேலை போனது, ஆட்டம் வந்தது

கேரி கைகாக்ஸ் 1938-ல் சிகாகோவில் பிறந்தவர். எட்டு வயதில் குடும்பத்தோடு லேக் ஜெனீவாவுக்கு வந்தார். வளர்ந்து இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். மற்ற நேரம் முழுக்கப் போர் விளையாட்டுதான். மேசை மேல் சின்னச் சின்ன வீரர் பொம்மைகளை அடுக்கி, பழைய காலச் சண்டைகளை மறுபடி நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கு அது.

1968 ஆகஸ்டில் ஊரின் ஹார்ட்டிகல்ச்சுரல் ஹாலை 50 டாலர் வாடகைக்கு எடுத்து, தன்னைப் போன்ற ரசிகர்களை ஒன்றுகூட்டினார். சுமார் நூறு பேர் வந்தார்கள். அதுதான் 'ஜென் கான்'. இன்று இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் கூடும் விளையாட்டுத் திருவிழாவின் முதல் கூட்டம் அது. பிராட் தெருவில் அந்த ஹால் இன்னும் இருக்கிறது.

1970-ல் கைகாக்ஸுக்கு இன்ஷூரன்ஸ் வேலை போனது. வீட்டில் மனைவி, ஐந்து பிள்ளைகள். வீட்டு அடித்தளத்தில் ஷூ ரிப்பேர் செய்து காலம் தள்ளினார். 1971-ல் ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து இடைக்காலப் போர்களுக்கான 'செயின்மெயில்' என்ற விதிப்புத்தகத்தை வெளியிட்டார். அதன் கடைசியில் மந்திரவாதி, டிராகன் எல்லாம் வரும் ஒரு சின்னப் பகுதியையும் சேர்த்திருந்தார்.

அந்தச் சின்னப் பகுதி பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் ஒருவர் கையில் சிக்கியது. அவர் பெயர் டேவ் ஆர்னசன். அவருடைய நண்பர்கள் வட்டத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் ஏற்கெனவே ஒரு புதுமை செய்திருந்தார். ஒரு ஆட்டக்காரருக்கு ஒரு படை என்பதை மாற்றி, ஒருவருக்கு ஒரு மனிதன் என்று ஆக்கிவிட்டார். ஆர்னசன் அதை எடுத்து, 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டையும் அதன் கோட்டைக்குக் கீழே இருட்டான சுரங்கங்களையும் உருவாக்கினார். அவருடைய நண்பர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே பாத்திரமாகவே அதில் வாழ்ந்தார்கள்.

1972 முடியும் தறுவாயில் ஆர்னசன் தன் நண்பர் டேவிட் மெகாரியோடு காரில் லேக் ஜெனீவாவுக்கு வந்து, கைகாக்ஸுக்கும் அவர் நண்பர்களுக்கும் அந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் சொக்கிப்போனார். ஆர்னசனின் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, ஆட்டத்துக்கு விதிகள் எழுத உட்கார்ந்தார். எழுதியதை முதலில் சோதித்துப் பார்த்தது அவருடைய பிள்ளைகள் எர்னியும் எலிஸும்தான்.

1973-ல் கைகாக்ஸும் அவருடைய பால்ய நண்பர் டான் கேயும் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டு 'டிஎஸ்ஆர்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். கே தன் பங்கை எல்ஐசி பாலிசி மேல் கடன் வாங்குவார்களே, அப்படித்தான் புரட்டினார். பிறகு பிரையன் புளூம் என்பவரும் பணம் போட்டார். கேயின் வீட்டுச் சாப்பாட்டு அறைதான் ஆபீஸ். 1974 தொடக்கத்தில் ஆயிரம் பெட்டிகள் தயாராயின. உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். அவ்வளவும் விற்றுத்தீர ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. இன்று அந்தப் பெட்டிகளில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் பல ஆயிரம் டாலருக்குப் போகிறது.

அப்படி என்ன ஆட்டம்?

கேரம், செஸ் போல இதற்குப் பலகை கட்டாயமில்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்'. கதையைச் சொல்பவரும் நடுவரும் அவரே. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டைத் திறப்பதில் கெட்டிக்காரரான திருடர்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி என்று ஆறு குணங்கள். பழைய முறைப்படி ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்டிக் கூட்ட வேண்டும். அதிகபட்சம் 18. மூன்றிலும் ஆறு விழுவது 216 தடவையில் ஒரு தடவைதான். அதனால் பலசாலி வேண்டும் என்று ஆசைப்பட்டவருக்கு நோஞ்சான் வாய்ப்பதும் சகஜம்!

ஆட்டம் இப்படிப் போகும். "எதிர்ல ஒரு இரும்புக் கதவு. உள்ளே யாரோ குறட்டை விடற சத்தம். என்ன செய்யறீங்க?" என்பார் மாஸ்டர். "உடைக்கலாம்" என்பார் வாள்வீரர். "ஐயோ, சத்தம் கேட்டு முழிச்சுக்கும். நான் பூட்டைத் திறக்கறேன்" என்பார் திருடர். 20 முகப் பகடை உருளும். 15-க்கு மேல் வந்தால் கதவு சத்தமில்லாமல் திறக்கும். குறைந்தால் குறட்டைச் சத்தம் நிற்கும். மேசையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த 20 முகப் பகடை ஆரம்பத்தில் பொம்மைக் கடைகளில் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடங்களுக்குக் கணக்குப் பாடக் கருவிகள் விற்ற கலிஃபோர்னியா கம்பெனியிடமிருந்து வரவழைத்தார்கள். மட்டமான பிளாஸ்டிக் என்பதால் உருட்ட உருட்ட முனை மழுங்கும். எண்கள் கண்ணுக்குத் தெரிய, வாங்கியவர்களே கிரேயானைத் தேய்த்து நிறம் ஏற்றிக்கொண்டார்கள்.

மேசையில் கிடைக்கும் சந்தோஷம்

இதில் ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. எல்லோரும் ஒரே பக்கம். மாஸ்டர் எதிரி மாதிரி தெரிந்தாலும் அவரும் கதை நன்றாக வர வேண்டும் என்றுதான் நினைக்கிறார். வீட்டில் சொப்பு வைத்து விளையாடும் குழந்தைகள், "நீ டாக்டர், நான் அம்மா" என்று பிரித்துக்கொள்வார்களே, அந்தச் சுகத்தைப் பெரியவர்களுக்கும் அனுமதிக்கும் ஆட்டம் இது.

வீடியோ கேமில், புரோகிராம் எழுதியவர் நினைத்த வழியில்தான் போக முடியும். இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. டிராகனோடு சண்டை போடலாம். பேரம் பேசலாம். அதற்குப் பாட்டுப் பாடித் தூங்கவைக்க முயற்சி செய்யலாம். மாஸ்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "சரி, உருட்டுங்க" என்பார். 20 விழுந்துவிட்டால் அந்த மேசையில் கிளம்பும் கூச்சல், கிரிக்கெட்டில் கடைசிப் பந்து சிக்ஸருக்குக் குறைந்ததில்லை. பத்து வருடம் கழித்தும் "அன்னிக்கு நீ டிராகனைத் தூங்க வெச்சியே" என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்குபவர், அரசவையில் நின்று வாதாடும் இளவரசியாகப் பேசத் தொடங்குவதும் இந்த மேசையில்தான். பாத்திரத்தின் பெயரில் பேசும்போது கூச்சம் கொஞ்சம் விலகி நிற்கிறது. அப்பாவும் மகளும், மேலதிகாரியும் புதிதாய்ச் சேர்ந்தவரும் ஒரே மேசையில் சமமாக உட்கார முடிகிறது.

கடுப்பேற்றும் விஷயங்களும் உண்டு

இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய அரக்கன் டிராகன் இல்லை, காலண்டர்! ஐந்து பேருக்கும் ஒரே நாள் ஓய்வு கிடைக்க வேண்டும். ஒருவருக்கு நைட் ஷிஃப்ட், ஒருவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், ஒருவர் கடைசி நிமிடத்தில் 'சாரி' என்று மெசேஜ் அனுப்புவார். ஒரு கதையைத் தொடங்கி முடிக்க மாதங்கள் ஆகும், சிலசமயம் வருடங்கள். முடிவே பார்க்காமல் பாதியில் நின்றுபோன கதைகள்தான் அதிகம்.

அடுத்தவர் 'விதி வக்கீல்'. "புத்தகத்துல அப்படிப் போடலையே" என்று ஒவ்வொரு அசைவுக்கும் பக்கத்தைப் புரட்டுவார். கதையில் பத்து விநாடி நடக்கும் சண்டை, மேசையில் ஒரு மணி நேரத்தைத் தின்னும். தன் முறை வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்பவர் எல்லா மேசையிலும் ஒருவராவது இருப்பார்.

மாஸ்டரின் கஷ்டம் தனி. வாரம் முழுக்க உட்கார்ந்து ஒரு கோட்டையை வரைந்து, அதில் ராஜா, மந்திரி, ரகசிய அறை எல்லாம் வைத்திருப்பார். ஆட்டக்காரர்கள் வாசல் வரை வந்துவிட்டு, "அந்தச் சத்திரத்துக்கே திரும்பிப் போலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். கோட்டை அப்படியே நோட்டுப் புத்தகத்தில் தூங்கும்.

இரண்டு வருடம் வளர்த்த பாத்திரம் ஒரே உருட்டலில் செத்துப்போவதும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு தாள்தான். ஆடியவருக்குத் தொண்டை அடைக்கும். மாஸ்டர் மனமிரங்கி விட்டுக்கொடுத்தாலோ, அடுத்த உருட்டலில் யாருக்கும் படபடப்பு இருக்காது.

நண்பர்கள் பிரிந்த ஊர்

லேக் ஜெனீவாவின் தெருக்களில் நடந்தால் இன்னொரு வருத்தமான கதையும் கூடவே வரும். 1975 ஜனவரியில் டான் கே மாரடைப்பால் இறந்தார். வயது 36. தான் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனி வளர்ந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வில்லியம்ஸ் தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, டிஎஸ்ஆர் கம்பெனி 'டன்ஜன் ஹாபி ஷாப்' என்ற கடையைத் திறந்தது. பின்னாளில் அதே வீட்டில் இந்த ஆட்டத்துக்கான சிறு அருங்காட்சியகமும் வந்தது. கடைத்தெருவின் நடுவில் இருந்த பழைய கிளேர் ஓட்டல் கட்டடத்துக்கு ஆபீஸ் மாறியது. எண்பதுகளின் தொடக்கத்தில் முன்னூறுக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள்.

அதற்குள் ஆர்னசனுக்கும் கைகாக்ஸுக்கும் இடையில் விரிசல் விழுந்துவிட்டது. ஆட்டத்தை உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு, ராயல்டி எவ்வளவு என்ற சண்டை 1979-ல் கோர்ட்டுக்குப் போனது. 1981-ல் சமரசம் ஆனது. நாலு பேர் சேர்ந்து ஒரே பக்கம் நின்று ஆட வேண்டிய ஆட்டத்தின் இரண்டு பெற்றோர், வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டார்கள்.

1979-ல் மிச்சிகனில் ஒரு கல்லூரி மாணவர் காணாமல் போனபோது, இந்த ஆட்டம்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையான காரணம் அந்த இளைஞரின் மனச்சுமை என்று பிறகு தெரிந்தாலும், 'பிள்ளைகளைக் கெடுக்கும் பேய் விளையாட்டு' என்ற முத்திரை எண்பதுகள் முழுக்க ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் பல பெற்றோர் புத்தகங்களைப் பிடுங்கி வீசினார்கள். சர்ச்சையால் ஒரு பக்கம் எதிர்ப்பு, இன்னொரு பக்கம் விற்பனை ஏறியது!

கைகாக்ஸும் தப்பவில்லை. 1985-ல் தான் தொடங்கிய கம்பெனியின் தலைமையை இழந்தார். அடுத்த ஆண்டு வெளியேறிவிட்டார். கடனில் மூழ்கிய டிஎஸ்ஆரை 1997-ல் சியாட்டில் பக்கத்திலிருந்த விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999-ல் அதை பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது. ஆட்டம் ஊரைவிட்டுப் போனது. கைகாக்ஸ் மட்டும் இங்கேயே இருந்தார். தன் வீட்டில் கடைசிவரை நண்பர்களுக்கு ஆட்டம் நடத்தினார்.

இறுதிச்சடங்கில் உருண்ட பகடை

2008 மார்ச் 4-ம் தேதி கைகாக்ஸ் இறந்தார். இறுதிச்சடங்குக்குப் பல ஊர்களிலிருந்தும் நண்பர்கள் வந்தார்கள். சடங்கு முடிந்ததும் ஊரில் உள்ள அமெரிக்கன் லீஜன் ஹாலில் கூடியவர்கள், அழுவதற்குப் பதில் மேசைகளை இழுத்துப் போட்டுப் பகடையை எடுத்தார்கள். ஆளுக்கொரு மேசையில் அவருடைய ஆட்டத்தையே ஆடினார்கள்.

அடுத்த மார்ச்சில் மறுபடி கூடினார்கள். அதுவே 'கேரி கான்' ஆனது. அதற்கு அடுத்த மாதமே, 2009 ஏப்ரலில், டேவ் ஆர்னசனும் காலமானார். கேரி கான் இப்போது ஆண்டுதோறும் மார்ச்சில், ஊருக்கு வெளியே உள்ள கிராண்ட் ஜெனீவா ரிசார்ட்டில் நடக்கிறது. பல மாநிலங்களிலிருந்து ரசிகர்கள் வந்து நிறைகிறார்கள். நரைத்த தாடியோடு 1974 விதிப்படி ஆடும் தாத்தாக்களும், புது விதி தெரிந்த பேத்திகளும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். விதி வக்கீல்களும் வருகிறார்கள், சந்தேகமே வேண்டாம்.

போக நினைப்பவர்களுக்கு...

சிகாகோ அல்லது மில்வாக்கி விமான நிலையத்தில் இறங்கி காரில் வருவது சுலபம். ஏரி, படகு, நடைபாதைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். தபால் படகு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை தாவும் வேடிக்கையோடு ஓடும். ஆட்டம்தான் முக்கியம் என்றால் மார்ச். அப்போது குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் போதாது. கேரி கானில் மேசைகளுக்கு முன்பதிவு உண்டு. பேர்போன மாஸ்டர்களின் மேசை சீக்கிரம் நிரம்பிவிடும்.

சென்டர் தெரு வீடு, ஹார்ட்டிகல்ச்சுரல் ஹால், வில்லியம்ஸ் தெரு எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். குடியிருப்புத் தெருக்கள் என்பதால் வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்வதே மரியாதை.

அதே ஏரியின் மறுபுறம், வில்லியம்ஸ் பே என்ற ஊரை விட்டுவிடாதீர்கள். 1897-ல் திறந்த யெர்க்கிஸ் வானாய்வகம் அங்கே இருக்கிறது. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த நோபல் விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகர், 1937 முதல் இங்கேதான் வேலை பார்த்தார். பல ஆண்டுகள் இந்த ஏரிக்கரையில் குடியிருந்தார். இங்கிருந்து சிகாகோவுக்குக் கார் ஓட்டிப்போய் அவர் பாடம் நடத்திய ஒரு வகுப்பில் இரண்டே மாணவர்கள் என்றும், அந்த லீ, யாங் இருவருமே 1957-ல் நோபல் பரிசு வாங்கினார்கள் என்றும் சொல்வார்கள். 2018-ல் மூடப்பட்ட வானாய்வகம், புதுப்பிக்கப்பட்டு 2022 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது.

அமெரிக்கா வரை போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பகடை இல்லையென்றால் போனிலேயே உருட்டலாம். கதை எந்த மொழியிலும் இருக்கலாம். கோட்டைக்குப் பதில் மலைக்குகை, டிராகனுக்குப் பதில் கொள்ளிவாய்ப் பிசாசு என்றும் வைத்துக்கொள்ளலாம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் அக்கா, தம்பி, சித்தப்பா பிள்ளைகள் போதும். முதல் தடவை குழப்பமாகத்தான் இருக்கும், விதியைப் பார்த்துப் பார்த்து ஆட வேண்டியிருக்கும். இரண்டாவது தடவை யாராவது ஒருவர், "அன்னிக்கு விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாமா?" என்று தானே கேட்பார். நாலு பேரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உட்காரவைப்பது மட்டும் உங்கள் பொறுப்பு!